அத்தியாயம் 4: தரம் தேர்வுத்தாளில் தொடங்கட்டும்

திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை நம் கல்லூரிகள் ஆண்டுக்கொரு முறை, செப்டம்பர் 5 அன்று, படத்துக்கு மாலை போட்டு நினைத்துக்கொள்கின்றன. அவர் தலைமையில் 1948-இல் அமைந்து, மறு ஆண்டே அறிக்கை தந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தை நினைப்பவர்கள் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழு உருவாக வழிசெய்த அறிக்கை அது. திருத்தியாக வேண்டியவை என்று அந்த ஆணையம் நீளமாகவே எழுதியது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டியது தேர்வுமுறை என்றே கருதியது. முக்கால் நூற்றாண்டு கழித்து, தர மேலாண்மை முறையைக் கொண்டுவர நினைக்கும் ஒரு கல்லூரி எங்கே கைவைப்பது என்று கேட்டால், அதைவிட நல்ல பதில் இன்றும் இல்லை. இந்த அத்தியாயம் அந்தப் பதிலைத்தான் நடைமுறைக்கு இறக்கிப் பார்க்கிறது. கல்லூரியின் தர முறை உள்மதிப்பீட்டுத் தேர்வு என்ற ஒரே வேலையில் தொடங்க வேண்டும். அந்த வேலை பிசகில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகே நூலகம், விடுதி, வேலைவாய்ப்புப் பிரிவு என்று மற்ற இடங்களுக்குப் போக வேண்டும்.

திருவள்ளூரிலிருந்து கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணிக்கும் அங்கிருந்து ஆந்திர எல்லைக்கும் போகிற சென்னை–திருப்பதி சாலையை ஒட்டிய ஊர்களில் ஒரு சிறிய கல்லூரியை நடத்துபவர் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலை அறிவியல் கல்லூரி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு. பாடத்திட்டம் சென்னையில் தயாராகிறது. செமஸ்டர் வினாத்தாளும் அங்கிருந்தே வருகிறது. அரசுக் கல்லூரியானால் ஆசிரியர் நியமனமும் முதல்வர் கையில் இல்லை. அப்படியானால் கல்லூரியின் கையில் உண்மையில் இருப்பது என்ன? வகுப்பறையும், அங்கே நடத்தியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் இன்டர்னல் தேர்வும்தான். இந்த இன்டர்னலின் எடையும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் கருத்தியல் தாளுக்கு உள்மதிப்பீடு 20 மதிப்பெண். 2021 விதிமுறையில் அது 40. ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் ஐந்தில் இரண்டு பங்கைக் கல்லூரியே போடுகிறது என்றால், அதைப் போடுகிற விதத்தைச் சரிசெய்யாமல் வேறு எதைச் சரிசெய்தும் பெரிய பலன் இல்லை.

வழக்கமாக நடப்பது வேறு. கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான நாக்கைப் பற்றி நிர்வாகத்திடமிருந்து ஒருநாள் ‘அடுத்த வருஷம் நாக்’ என்ற செய்தி வரும். ஏழு அளவுகோல்களுக்கு ஏழு குழுக்கள் போடப்படும். ஏழு நிறத்தில் கோப்புகள் வாங்கப்படும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்க வேண்டிய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் இப்போது எழுதப்படும். மரம் நட்ட படங்களைத் தேடித் துறைத் தலைவர்களின் கைபேசிகள் புரட்டப்படும். பியர் டீம் எனப்படும் நாக்கின் ஆய்வுக் குழு வந்து போன மறுநாள் கோப்புகள் அலமாரிக்குப் போகும். ஐ.க்யூ.ஏ.சி. என்று எல்லோரும் சொல்லும் உள் தர உறுதிப் பிரிவு, ஆண்டு அறிக்கையை இணையத்தில் ஏற்றும் வேலைக்கு மட்டும் உயிரோடு இருக்கும். இதற்குக் கல்லூரிகளை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் முளைத்த எண்ணம் 1994-இல் பெங்களூரில் நாக் என்ற அமைப்பாக வடிவெடுத்தபோது, கல்லூரி தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அடிப்படை. சுய ஆய்வு அறிக்கை என்ற பெயரே அதைச் சொல்கிறது. மானியக் குழு 2012-இன் விதிமுறைகளால் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியதும், நிதியும் அனுமதியும் அதனோடு முடிச்சுப் போடப்பட்டதும், கண்ணாடி பார்க்கும் வேலை படம் வரையும் வேலையாக மாறிவிட்டது.

கோப்பிலிருந்து தொடங்கும் தர முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதை வெளிக்கொண்டு வந்தது. 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் என்பது அந்தக் குற்றச்சாட்டின் அளவு. அந்தக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஆய்வு நடந்திருந்தது, படிவங்கள் நிரப்பப்பட்டிருந்தன, கையெழுத்துகள் இருந்தன. காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை, வகுப்பறையில்தான் ஆள் இல்லை. வேலை நடந்த நாளிலேயே, வேலை செய்தவர் கையாலேயே பிறக்காத ஆவணம் எதையும் நிரூபிக்காது என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். திருத்திய விடைத்தாள் அப்படிப்பட்ட ஆவணம். மாணவர் எழுதியதும் ஆசிரியர் திருத்தியதும் அதிலேயே இருக்கின்றன. மூன்றாண்டு கழித்து அதை உட்கார்ந்து உருவாக்குவது, தேர்வை ஒழுங்காக நடத்துவதைவிடக் கடினம்.

மதிப்பீட்டு அமைப்புகளின் விதிகளும் கவனித்துப் படித்தால் இதே பக்கம்தான் சாய்கின்றன. 2017-இல் நாக் கொண்டுவந்த திருத்திய முறையில் மொத்தம் 1000 புள்ளிகள். அதில் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்னும் இரண்டாவது அளவுகோலுக்கு இணைப்புக் கல்லூரிகளுக்கு மட்டும் 350. பல்கலைக்கழகங்களுக்கு இதே அளவுகோலில் 200தான். பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, ஆகவே கற்பிப்பதை வைத்தே உங்களை எடைபோடுகிறோம் என்று நாக் சொல்லாமல் சொல்கிறது. ஆனால் பல கல்லூரிகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் உயிரை விடுகின்றன. இணைப்புக் கல்லூரிக்கு அந்த அளவுகோல் முழுவதற்கும் கிடைப்பது 120-ஐத் தாண்டாது. ஐ.எஸ்.ஓ. பக்கம் போனாலும் கதை இதுதான். ஐ.எஸ்.ஓ. 9001 தரநிர்ணயத்தின் 2008 பதிப்பு, தரக் கையேடு ஒன்றும் எழுத்திலான ஆறு நடைமுறைகளும் கட்டாயம் என்றது. 2015 பதிப்பு கையேட்டுக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. கையேடு தடித்தால் தரம் கூடிவிடாது என்பதை அந்தத் தரநிர்ணயத்தை எழுதியவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இன்றும் சில கல்லூரிகளின் வரவேற்பறையில் அந்தக் கையேடு தோல் அட்டை போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

சரி, இன்டர்னல் தேர்வைத் தர முறைக்குள் கொண்டுவருவது எப்படி? முதல் வேலை தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குகிறது. வினாத்தாளை எடுத்த ஆசிரியர் அதனுடன் விடைக்குறிப்பையும் மதிப்பெண் பங்கீட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். தேர்வு முடிந்த பிறகு எழுதும் விடைக்குறிப்பு, மாணவர் எழுதியதைப் பார்த்துவிட்டு எழுதியதாகிவிடும். அதே துறையில் இன்னொருவர் இரண்டையும் பத்து நிமிடம் படித்துப் பார்க்க வேண்டும். நடத்தாத பகுதியிலிருந்து கேள்வி இருக்கிறதா, எல்லாக் கேள்வியும் மனப்பாடத்தைத்தான் சோதிக்கிறதா, இரண்டு கேள்விகள் ஒன்றையே கேட்கின்றனவா என்று பார்த்தால் போதும். கேள்விக்குப் பக்கத்தில், அது கோரும் சிந்தனை அளவைக் காட்ட, கே1, கே2 என்று நிலை போடும் பழக்கம் இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. பல இடங்களில் தாளை அச்சுக்குக் கொடுக்கும்போது வாய்க்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ஆள் படிப்பதன் பயன் அங்கேதான் தெரியும். தேர்வு முடிந்து ஒரு வாரத்துக்குள் விடைத்தாள் மாணவர் கைக்குப் போக வேண்டும். மாதம் கழித்துக் கிடைக்கும் தாளை மாணவர் மதிப்பெண்ணுக்காக மட்டும் பார்ப்பார். ஒரு வாரத்தில் கிடைத்தால் தப்பையும் பார்ப்பார்.

இதுவரை சொன்னதைப் பல நல்ல ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். தனி ஆசிரியரின் நல்ல பழக்கத்தைக் கல்லூரியின் முறையாக மாற்றுவது அடுத்த படி. 60 பேர் கொண்ட வகுப்பில் எட்டுக் கேள்விகள் கேட்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 58 விழுக்காடு, தேர்ச்சி 44 பேர் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதில் யாருக்கும் பயனில்லை. கேள்விவாரியாக எண்ணிப் பார்த்தால் ஆறாவது கேள்வியை 60 பேரில் 47 பேர் தொடவே இல்லை என்பது தெரியவரும். ஏன்? அந்தப் பகுதியை அவசரமாக நடத்தினாரா, அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய பள்ளிப்பாடம் தெரியவில்லையா, கேள்வியின் ஆங்கிலம் புரியவில்லையா? இந்த எல்லைப் பகுதியில் மூன்றாவது காரணத்தை லேசாக விட்டுவிட முடியாது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரலில்தான் ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் வந்தது. தமிழ்வழியில் படித்தவர், தெலுங்கு வீட்டுமொழிக்காரர், ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வந்தவர் மூவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் விட்டவருக்குக் கணக்கை மறுபடி நடத்துவது வீண்வேலை. எனவே ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரே ஒரு பக்கப் படிவம் போதும். எந்தக் கேள்வி விழுந்தது, காரணம் என்னவென்று நினைக்கிறோம், என்ன செய்யப்போகிறோம், யார், எந்தத் தேதிக்குள், அடுத்த தேர்வில் அதே பகுதியில் என்ன மாற்றம் தெரிந்தது. இதில் கடைசிக் கட்டத்தைத்தான் யாரும் நிரப்புவதில்லை. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று ஷூஹார்ட்டும் டெமிங்கும் வகுத்துக் கொடுத்த சுற்று, அந்தக் கட்டம் நிரம்பும்போதுதான் ஒருமுறை முழுதாகச் சுற்றி முடிகிறது. மற்ற ஐந்தும் நிரம்பி அது வெறுமையாக இருந்தால், படிவம் இருக்கிறது, முறை இல்லை என்று பொருள்.

படிவத்தைச் சரிபார்ப்பது யார்? ஐ.எஸ்.ஓ. மொழியில் இதற்கு உள் தணிக்கை என்று பெயர். பெயர் பெரியது, வேலை சிறியது. வேறு துறையிலிருந்து ஒருவர் வந்து தன் விருப்பப்படி ஐந்து விடைத்தாள்களை உருவி எடுத்து, விடைக்குறிப்புடனும் படிவத்துடனும் ஒப்பிட வேண்டும். வணிகவியல் ஆசிரியருக்கு இயற்பியல் தெரியத் தேவையில்லை. மதிப்பெண் கூட்டல் சரியா, விடைக்குறிப்பின் தேதி தேர்வுக்கு முந்தையதா, மறுபடி நடத்தியதாகச் சொன்ன வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு எல்லாத் தகுதியும் உண்டு. முதல்வர் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் துறைத் தலைவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, கடைசிக் கட்டங்களை மட்டும் பார்க்கட்டும். அங்கே எடுக்கும் முடிவை அன்றே எழுதி அன்றே கையெழுத்து வாங்கிவிட்டால், நாக் கேட்கும் நடவடிக்கைக் குறிப்பு தானாகவே பிறந்துவிடும்.

தேதி குறிப்பதும் தர முறையில் ஒரு பகுதிதான், பலரும் அப்படி நினைப்பதில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடிகள் வரும் நாட்களில் இந்தச் சாலையில் பேருந்து எப்போது வரும், எந்த வழியாகப் போகும் என்பது யாருக்கும் தெரியாது. ஒற்றைப்படை செமஸ்டரின் தொடக்க வாரங்கள் அதை ஒட்டியே வருகின்றன. முதல் இன்டர்னலை அந்த வாரத்தில் வைத்துவிட்டு, வராத மாணவர்களைத் தேர்ச்சி விழுக்காட்டில் சேர்த்துப் பார்த்துவிட்டு, வகுப்பு பலவீனம் என்று முடிவுக்கு வந்தால் அது அளவீட்டின் பிழை. கல்வி நாட்காட்டியைப் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கி அப்படியே ஒட்டாமல், பஞ்சாங்கத்தையும் பேருந்து நேரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டும்.

இனி மறுப்புகள். கல்வி என்ன தொழிற்சாலையா, மாணவர் என்ன உற்பத்திப் பொருளா என்பது முதல் மறுப்பு. நல்ல ஆசிரியர்களிடமிருந்துதான் இது வருகிறது. ஐ.எஸ்.ஓ. 9000 வரிசை 1987-இல் பிரிட்டனின் ஆலைத் தரநிர்ணயம் ஒன்றை அடியொற்றிப் பிறந்தது என்பதால் இந்த ஐயத்துக்கு ஆதாரமும் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கென்றே 2018-இல் ஐ.எஸ்.ஓ. 21001 வந்தபோது, வாடிக்கையாளர் என்று சொல்வதை விட்டுக் கற்போர், பிற பயனாளர் என்று பேசத் தொடங்கினார்கள். ஆனால் சொல்லை மாற்றியதால் கவலை தீர்ந்துவிடாது. இங்கே சொன்ன முறையில் அளக்கப்படுவது மாணவர் அல்ல. நடத்திய பாடம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். அதை அளக்காத காலத்திலும் மாணவர் தோற்றுக்கொண்டுதான் இருந்தார், பழியைத் தனியாகச் சுமந்துகொண்டு.

இரண்டாவது மறுப்பு வேலைப்பளு. அரசுக் கல்லூரிகளின் வகுப்புகளில் பெரும்பகுதியைக் குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள். தனியார் கல்லூரி ஆசிரியர் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராகவும் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் தலையில் இன்னொரு படிவமா? நியாயமான கேள்வி. இதற்கு முதல்வர்தான் பதில் சொல்ல வேண்டும்: புதிய படிவம் ஒன்று உள்ளே வரும் நாளில் பழைய படிவம் இரண்டை நிறுத்த வேண்டும். ஒரே தகவலை அகில இந்திய உயர்கல்வி ஆய்வுக்கு ஒருமுறை, என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு ஒருமுறை, ஏ.ஐ.சி.டி.இ.-க்கு ஒருமுறை, நாக்குக்கு ஒருமுறை என்று துறைத் தலைவர்களிடம் தனித்தனியாகக் கேட்பதை முதலில் விட வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரே ஊற்று, அதற்கு ஒரே பொறுப்பாளர் என்று வைத்தால் ஆசிரியருக்கு மிச்சமாகும் நேரம் மேலே சொன்ன ஒரு பக்கத்துக்குத் தாராளமாகப் போதும். எதையும் நிறுத்த மனமில்லாத நிர்வாகம் இந்த முறையைத் தொடங்காமலிருப்பதே மேல்.

மூன்றாவது, எங்கள் மாணவர்கள் பலவீனமானவர்கள் என்ற சொல். தறிவீட்டிலிருந்தும் விவசாயக் கூலி வீட்டிலிருந்தும் முதல் தலைமுறையாக வருபவர்கள், அவர்களை வைத்துக்கொண்டு என்ன தரம் என்பது இதன் உட்பொருள். 2021-22 அகில இந்திய ஆய்வின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், மாணவிகளுக்காக 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் இன்னும் பலரை வாசலுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இந்த மாநிலம் வேண்டுமென்றே திறந்துவிட்ட கதவு அது. உள்ளே வந்தவரின் பள்ளிப் பின்னணியைக் காரணம் காட்டுவது, நோயாளி வருவதால்தான் மருத்துவமனையின் பெயர் கெடுகிறது என்பதைப் போன்றது. கேள்விவாரிக் கணக்கு மிகவும் உதவுவதும் இவர்களுக்குத்தான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் மாணவர், ஆசிரியர் விட்ட இடத்தை வேறெங்கோ நிரப்பிக்கொள்வார். இவர்களுக்கு வகுப்பை விட்டால் வேறு இடமில்லை.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு இதுதான்: நாங்கள் நேர்மையாக இன்டர்னல் போட்டு, பக்கத்துக் கல்லூரி 40-க்கு 38 என்று வாரி வழங்கினால் எங்கள் பிள்ளைகள்தானே அடிபடுவார்கள்? அடிபடலாம், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரிவாரித் தேர்ச்சி விவரத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. கவுன்சலிங் நேரத்தில் பெற்றோர் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். இன்டர்னலில் 38 வாங்கியவர் செமஸ்டர் தேர்வில் அரியர் வைத்தால் அந்த வள்ளல்தனம் அங்கே வெளுத்துவிடும். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தாள்தோறும் கணக்கிட்டு முதல்வர் மேசையில் வைப்பதுதான் இதற்கு மருந்து. இடைவெளி பெரிதாக இருக்கும் தாளின் ஆசிரியரைத் தண்டிக்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். தண்டனை வந்தால் அடுத்த செமஸ்டரில் எண்கள் மட்டுமே சரியாகும், வகுப்பு அப்படியே இருக்கும்.

மதிப்பீட்டு அமைப்பே நம்பும்படி இல்லையே என்போரும் உண்டு. 2025 பிப்ரவரியில், ஆந்திரக் கல்வி நிறுவனம் ஒன்றின் மதிப்பீட்டுக்காக லஞ்சம் கைமாறியதாகச் சொல்லி நாக் ஆய்வுக் குழுவின் தலைவர் உள்ளிட்டோரை சி.பி.ஐ. கைது செய்தது. எழுத்துத் தரவரிசைக்குப் பதிலாக அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்னும் இருநிலை முறையை, இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு அதற்கு முன்பே பரிந்துரைத்திருந்தது. நாளை முறை எப்படி மாறினாலும், கல்லூரிகள் தரும் தரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இன்னும் இறுகும். வெளியார் பார்வையை நம்ப முடியாத காலத்தில் கல்லூரி தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் பழக்கம் முன்னைவிடத் தேவைப்படுகிறது. ஏ பிளஸ் வாங்கியும் ஆறாவது கேள்வியை 47 பேர் விட்டுவிடுகிறார்கள் என்றால், அந்த எழுத்தை நுழைவாயில் பலகையில் எழுதுவதற்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும்.

இரண்டு செமஸ்டர் இப்படி ஓடிய பிறகு, அதே ஒரு பக்கப் படிவத்தை நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் மாணவர் குறைதீர்ப்புக்கும் நீட்டலாம். அங்கே வேலை எளிது, ஆகவே அதை இங்கே விரிக்கவில்லை. ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வேண்டும் என்று நிர்வாகம் விரும்பினால் அப்போது யோசிக்கலாம். சான்றிதழை ஐ.எஸ்.ஓ. நிறுவனமே தருவதில்லை, தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள்தான் தருகின்றன. அவற்றுக்கு இந்தியாவில் அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.சி.பி. என்னும் தேசிய வாரியம். அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். அதுவரை, குறிப்பாக முதல் ஆண்டில், கோப்பு தயாரித்துத் தருகிறேன் என்று வரும் ஆலோசகர் எவருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். அந்தப் பணத்தில் திருத்தும் நாட்களுக்குக் கௌரவ விரிவுரையாளர்களுக்குக் கூடுதல் ஊதியம் கொடுங்கள்.